முப்பத்தொன்றாம் எண்

மேலே போகிறவர்கள்
காலணியை என்னிடம் கழற்றிவிட்டுத்தான் போவார்கள்.
ஜோடி அறுபது ரூபாய். முழங்கால்வரை ரப்பர்,
உள்ளே நேற்று யாருடையதோ ஈரம்.
முகம் சுளித்தால் பழைய செய்தித்தாளைக் கிழித்துத் திணித்துக் கொடுப்பேன்.
தோசமர்க்கில் ஏப்ரல் பாதியிலும் பனி கிடக்கும்.
குதிரைச் சாணி கலந்த பனி.
சமவெளிக்காரர்களுக்கு அதுவும் பனிதான்,
அள்ளி முத்தமிடுவார்கள்.

அன்று இருபத்திரண்டு ஜோடி.
நோட்டில் இருக்கிறது: எண், அளவு, பெயர், ஓட்டல்.
ஒருவர் ஐம்பதுக்குப் பேரம் பேசினார்.
பையனுக்கு வேண்டுமானால் இலவசம் என்றேன்,
அவரிடம் அறுபதையே வாங்கிக்கொண்டேன்.
அந்தப் பத்து ரூபாயைத்தான்
இரவெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டாசு என்று நினைத்தோம். கல்யாண மாதம்.
ரம்ஸான் சோபானின் குதிரை
சேணத்தோடு தனியே இறங்கி வந்தது.
பின்னால் மனிதர்கள்.
பிறகு, குதிரைக்காரர்கள் முதுகில், மனிதர்கள்.
முகங்களைப் பார்க்கவில்லை நான்.
தொங்கிய கால்களில் வெள்ளை பெயின்ட்டில்
என் கையெழுத்து:
17.
40.
9.
பேரம் பேசியவர் ஒன்பது.

சுட்டவர்களை எனக்குத் தெரியாது.
என் கடையில் அவர்கள் பூட்ஸ் எடுக்கவில்லை.
அவர்களிடம் சொந்தமாக இருந்தது.

சாயங்காலம் அலமாரியில்
நாடா அவிழ்ந்த இருபத்திரண்டு ஜோடி
வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.
துணி போட்டு மூடு என்றாள் ஹாஜ்ரா.
மூடினால் இன்னும் மோசமாக இருந்தது,
எடுத்துவிட்டேன்.

மெழுகுவத்தி பிடித்துக் கடைத்தெரு முழுக்க நடந்தோம்.
யாரும் கூப்பிடாமலே வந்தார்கள்.
மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.
‘மேலே யார் போகிறார்கள் என்று
பெயரும் ஓட்டலும் எழுதிவைத்தவன் நீதானே?’
கால் அளவு எழுதிய நோட்டு
ஒரே நாளில் வேறு நோட்டாகிவிட்டது.
பதினோரு நாள்.
கேட்டவர்மேல் கோபமில்லை என்றால் பொய்.
கேள்வியே தப்பு என்றாலும் பொய்,
நானும் அதைத்தானே எல்லோரையும் பார்த்து
மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலணிகளைச் சாக்கில் கட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்,
இருபத்தொன்று என்று.
ஒன்று அடுப்புக்குப் பின்னால் விழுந்திருந்தது, பிறகுதான் தெரிந்தது.
நீலம். குழந்தை அளவு.
மிதித்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னும் வகை.
யாரோ ஒருவன் முதுகில் அந்தப் பையன் உயிரோடு இறங்கினான்.
என் முப்பத்தொன்றாம் எண்ணை மாட்டிக்கொண்டே
விமானம் ஏறி இந்தூருக்குப் போயிருக்கிறான்.
அதற்கு வாடகை பாக்கி இல்லை.

ஜூலையிலும் ஒரு வண்டி வரவில்லை.
சோபான் வீட்டில் குதிரையை விற்றார்கள்,
வாங்கியவனும் இரக்கப்பட்டு வாங்கியதுதான்.
ஓட்டல்காரனிடம் முகவரி கேட்டு வாங்கி
அனந்த்நாக் கூரியர் கடைக்குப் போனேன்.

‘உள்ளே என்ன?’
‘செருப்பு. பையனுடையது.’
‘மதிப்பு?’
சொல்லத் தெரியவில்லை.
‘அனுப்புநர்?’
‘இர்ஷாத் கனாய்.’
அவனும் எங்கள் ஆள்தான். பேனாவை மூடினான்.
‘இந்தப் பெயரில், இந்த ஊரிலிருந்து, அந்த வீட்டுக்கு.
திறப்பார்களா, பாய்?’

பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு
ஒரு பெண் எட்டி நிற்பதை நினைத்தேன்.
பையனை உள்ளே போகச் சொல்வதை.

பெயர் இல்லாமல் அனுப்ப முடியாதாம்.
எடையாவது பார்ப்போம் என்று
தராசில் கொஞ்சம் வேகமாக வைத்தான்.
ஒட்டாத மூடி இடுக்கில்
சிவப்பாக ஏதோ மின்னியது.
சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.
நானும்தான்,
உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த நானும்.

இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம்,
அது தானாக அணைகிறவரை.